பாத்ரூம் காற்றை எந்த வழியாக வெளியேற்றுவது: வென்டிலேட்டரா, சுவரா, குழாயா, மொட்டை மாடியா?

எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பது, "நாலு இஞ்சா, ஆறு இஞ்சா?" என்று. கடைக்குக் கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டியது, காற்று எந்தப் பக்கமாக வெளியே போகப்போகிறது என்பது. வழி சரியாக அமைந்தால் சாதாரண ஃபேனே போதும். வழி தப்பினால் எவ்வளவு பெரிய ஃபேன் மாட்டினாலும் சத்தம்தான் மிச்சம். கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றை மறந்துவிட்டு மேற்குச் சுவரில் ஃபேன் மாட்டினால், அந்த மூன்று மாதமும் அது வெளியே தள்ளுவதைவிட உள்ளே வாங்குவதுதான் அதிகம்.

முதலில் அளவு. 8 அடிக்கு 5 அடி பாத்ரூம், உயரம் 9 அடி என்றால் உள்ளே இருப்பது 360 கன அடி காற்று. மணிக்குப் பத்து முறை அது மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3,600 கன அடி, அதாவது சுமார் 100 கன மீட்டர். 6 அங்குல ஃபேன் பெட்டிகளில் பெரும்பாலும் 200 கன மீட்டருக்கு மேல்தான் போட்டிருக்கும். 4 அங்குலத்தில் 80 முதல் 110 வரை. இந்த எண்கள் எல்லாம் முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் அளந்தவை. வலை, ஷட்டர், குழாய், பெண்டு (குழாயை வளைத்துத் திருப்பும் துண்டு) என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது அளவு விழுந்துகொண்டே போகும். எவ்வளவு விழும் என்பதைப் பொறுத்துத்தான் கீழே உள்ள ஒவ்வொரு வழியும் தேறும் அல்லது தேறாது.

வென்டிலேட்டரில் மாட்டுவது

நம் பக்கத்து வீடுகளில் அதிகம் பார்ப்பது இதுதான். கண்ணாடிப் பட்டை வைத்த லூவர் வென்டிலேட்டரில் இரண்டு மூன்று பட்டையைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பலகையை வைத்து 6 அங்குல ஃபேனைப் பொருத்திவிடுகிறார்கள். சுவரை உடைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியன் ஒருவரே அரை நாளில் முடித்துவிடுவார், மேலே சன்ஷேடு இருப்பதால் மழையும் நேராக அடிக்காது. செலவும் இதில்தான் குறைவு.

கெடுவது எங்கே என்றால், ஃபேனுக்குக் கீழே மிச்சமிருக்கும் லூவர் பட்டைகளில். அவை திறந்தே இருக்கும். ஃபேன் சுற்றியதும் அந்தப் பட்டை இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைந்து, ஓர் அடி தூரம்கூடப் போகாமல் ஃபேன் வழியாகவே திரும்பி வெளியேறிவிடும். ஃபேனுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் நன்றாக இழுப்பதாகத் தெரியும். ஷவர் மூலையில் ஆவி அப்படியே நின்றுகொண்டிருக்கும். "ஃபேன் ஓடுது, ஆனா ஈரம் போகலை" என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அதற்கு மருந்து, வென்டிலேட்டரை முழுவதும் ஒரே தகட்டால் அடைத்து, ஃபேனுக்கு மட்டும் துளை விடுவது. வெளிச்சம் வேண்டுமானால் 5 அல்லது 6 மி.மீ. அக்ரிலிக், வெளிச்சம் வேண்டாமென்றால் ஏசிபி ஷீட் (இரு பக்கமும் அலுமினியம் ஒட்டிய தகடு). பிளைவுட் வேண்டாம், வாட்டர் புரூஃப் என்று சொல்லி விற்பதும் வெட்டிய விளிம்பில் ஈரம் ஏறி இரண்டு மழைக்காலத்தில் உப்பிவிடும். கண்ணாடியிலேயே வட்டம் வெட்டிக் கொடுக்கிறார்கள், அது பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஃபேனின் அதிர்வு நேராகக் கண்ணாடிக்குப் போகாதபடி சுற்றிலும் ரப்பர் வாசர் கட்டாயம். ஸ்க்ரூவை இறுக்கும்போது கண்ணாடி விரிசல் விட்டால் குற்றம் ஃபேனுடையது இல்லை. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஃபேனுக்கு இடம் விட்டே வரும் யுபிவிசி வென்டிலேட்டரை ஆர்டர் செய்துவிடுவது சுலபம். ஃபேன் எந்த அளவு என்பதை மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சுவரைத் துளைத்து நேராக வெளியே

பாத்ரூமின் ஒரு சுவராவது வெளிச்சுவராக இருந்து, அதற்கு அந்தப் பக்கம் திறந்த வெளியோ பொடக்காலியோ (வீட்டின் பின்பக்க வெளி) இருந்தால், எங்கள் முதல் தேர்வு இதுதான். காற்று போகும் தூரம் ஒரு சுவர் கனம் மட்டுமே. பெண்டு இல்லை. பின்னால் சுத்தம் செய்வதும் எளிது.

சுத்தியலும் உளியும் வைத்து உடைக்காமல் கோர் கட்டிங் மிஷின் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். டைல்ஸ் உடையாது, வட்டம் சுத்தமாக வரும். 4 அங்குல ஃபேனுக்கு 110 மி.மீ. எஸ்டபிள்யூஆர் குழாயும் (கழிவுநீருக்குப் போடும் பிவிசி குழாய்), 6 அங்குல ஃபேனுக்கு 160 மி.மீ. குழாயும் உறையாகச் சரிவரும். ஃபேனின் பின்பக்கக் கழுத்தைக் கடைக்கே எடுத்துப் போய்க் குழாய்க்குள் நுழைத்துப் பார்த்து வாங்குவது நல்லது, கம்பெனிக்குக் கம்பெனி இரண்டு மூன்று மி.மீ. மாறும். 110 குழாய்க்கு 5 அங்குலத் துளை போதும். துளை போடும்போதே உள்ளிருந்து வெளியே பார்த்துக் கொஞ்சம் சாய்வு இருக்கட்டும். 9 அங்குலச் சுவருக்குக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை இறங்கினால் போதும். சாரலில் உள்ளே வந்த தண்ணீரும் ஆவி குளிர்ந்து சொட்டுவதும் மோட்டாருக்கு வராமல் வெளியே போய்விடும்.

ஹாலோ பிளாக் சுவருக்கு இந்த உறைக்குழாய் இல்லாமல் வேலையே செய்யக் கூடாது. துளை போட்டதும் உள்ளே பிளாக்கின் பொந்து தெரியும். வெறும் துளையில் ஃபேனை வைத்துப் பூசிவிட்டால், ஈரக்காற்றில் ஒரு பங்கு அந்தப் பொந்துகளுக்குள் போய் நிற்கும். கொஞ்ச நாளில் பக்கத்து அறைச் சுவரில் பெயிண்ட் உரிய ஆரம்பிக்கும், எல்லாரும் பைப் கசிகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். குழாய் இரு முகத்துக்கும் சமமாக வர வேண்டும், வெளியே அரை அங்குலம் நீட்டியிருந்தால் இன்னும் நல்லது. சிமெண்ட் கலவை பிவிசியில் ஒட்டாது என்பதால், குழாயின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, குழாய் ஒட்டும் சால்வென்ட் தடவி, அது காய்வதற்குள் மணலைத் தூவி விடுங்கள். அந்தச் சொரசொரப்பில் கலவை பிடித்துக்கொள்ளும். வெளி விளிம்பில் சுற்றிலும் ஒரு கோடு சீலன்ட்.

உறை போடாமல் 6 அங்குல ஃபேனை அப்படியே சதுரத் துளையில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபேனின் பின்னால் இருக்கும் ஷட்டர் இதழ்கள் வெளிப்பக்கம் தூக்கித் திறப்பவை. 9 அங்குலச் சுவரில் ஃபேனை உள்முகத்தோடு சேர்த்து வைத்தால் இதழ்கள் துளைக்குள்ளேயே பூச்சில் முட்டிப் பாதிதான் திறக்கும். ஷட்டர் வெளிமுகத்துக்கு வரும்படி வையுங்கள், அல்லது ஷட்டரைக் கழற்றிவிட்டு வெளியே தனியாக ஒன்று மாட்டுங்கள்.

இனி காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. பல்லடம், உடுமலை வட்டாரத்தில் காற்றாலை நட்டிருப்பதும் சும்மா இல்லை. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் காற்று ஒரு சுவரில் நேராக முட்டினால் ஏறக்குறைய 60 பாஸ்கல் அழுத்தம் வரும். 25 கி.மீ. வேகத்தில் அது 29 பாஸ்கல். வீட்டுக்கு வாங்கும் சாதாரண இறக்கை வகை எக்ஸாஸ்ட் ஃபேன் 30, 40 பாஸ்கலைத் தாண்டினாலே திணறிவிடும். அதாவது பலமான மேல்காற்று நாளில் மேற்குச் சுவர் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் வெளியே போகாது. ஃபேனை நிறுத்தியதும் ஷட்டர் இதழ்கள் டப் டப்பென்று அடித்துக்கொண்டு புழுதியை உள்ளே விடும்.

அதே மேல்காற்று வீட்டின் கிழக்குப் பக்கத்தில் உறிஞ்சும் வேலையைச் செய்கிறது. கிழக்குச் சுவரில் இருக்கும் ஃபேனுக்கு அது துணை. வடக்கு, தெற்குச் சுவர்களும் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது அவ்வளவு வேகமான காற்று இல்லை, ஆனால் சாரல் இருக்கும். அதற்கு ஒரு மழைத்தொப்பி போதும். மேற்குச் சுவரைத் தவிர வழியே இல்லை என்றால், வாய் கீழ்நோக்கித் திறக்கும் தொப்பி மாட்டி, சாதாரண ஃபேனுக்குப் பதில் அழுத்தம் தாங்கும் பிளோயர் வகை அல்லது குழாயின் நடுவே பொருத்தும் இன்லைன் ஃபேன் வாங்குங்கள். ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் கணவாயிலிருந்து தள்ளி இருப்பதால் இந்த எச்சரிக்கை அவ்வளவு கடுமையாகப் பொருந்தாது.

வலை விஷயத்திலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. கொசுவலையை வெளியே அடித்துவிடுவது பெரிய தப்பு. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று தறி ஓடும் ஊர்களில், திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய தெருக்களில், காற்றிலேயே பஞ்சு மிதக்கும். பாத்ரூம் ஈரமும் சேர்ந்தால் கொசுவலையின் கண்கள் சில மாதத்தில் கம்பளி மாதிரி மூடிவிடும். 6 மி.மீ. கண் உள்ள வலை அடித்தால் அணிலும் மைனாவும் வராது, பஞ்சும் நிற்காது. கொசுவுக்கு ஷட்டர் மூடிக்கொள்வதே தடுப்பு.

பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக விட வேண்டாம், குறைந்தது 3 அடியாவது தள்ளி இருக்கட்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே குறுகின சந்து மட்டும் இருந்தால், சமையலறை ஜன்னல் எங்கே என்று பார்த்துவிட்டே துளை போடுங்கள். பொடக்காலியில் விறகு பாய்லர் வைத்திருக்கும் வீடுகளில், ஃபேன் துளை அதற்கு மேலே வந்தால் ஃபேன் ஓடாத நேரத்தில் புகை உள்ளே வரும்.

குழாய் போட்டுக் கொண்டுபோவது

வீட்டின் நடுவில் மாட்டிக்கொண்ட பாத்ரூம், அட்டாலி (பரண்) உள்ள பாத்ரூம், ஃபால்ஸ் சீலிங் போட்டது ஆகியவற்றுக்கு வேறு வழி இல்லை. சீலிங்கில் ஃபேன் அல்லது வெறும் ஜாலி, அங்கிருந்து 110 குழாய், வெளிச்சுவர் வரை.

இங்கே ஃபேனைவிடக் குழாய்தான் முக்கியம். 100 கன மீட்டர் காற்று 110 குழாயில் போகும்போது மீட்டருக்கு ஒன்றரை பாஸ்கல் அளவுக்கு உராய்வு. ஒரு 90 டிகிரி பிளம்பிங் பெண்டு 8 முதல் 10 அடி நேர்க்குழாய்க்குச் சமம். வெளியே தொப்பியும் ஷட்டரும் சேர்ந்து 10 பாஸ்கல் வரை எடுத்துக்கொள்ளும். 10 அடிக் குழாய், இரண்டு பெண்டு, தொப்பி என்று கூட்டினால் 20 பாஸ்கலைத் தாண்டிவிடும். 4 அங்குலச் சீலிங் ஃபேன் அப்போது பெட்டியில் எழுதியதில் பாதியைத் தள்ளினாலே பெரிது. ஆகவே 4, 5 அடிக்கு மேல் குழாய் போகிறது, அல்லது ஒரு பெண்டுக்கு மேல் வருகிறது என்றால் இன்லைன் ஃபேன்தான். அதன் விலையில் சாதாரண ஃபேன் இரண்டு மூன்று வாங்கலாம் என்பது உண்மை. அந்த மூன்றையும் வரிசையாக மாட்டினாலும் இது செய்யும் வேலையைச் செய்யாது. மோட்டார் அட்டாலியில் தள்ளி இருப்பதால் பாத்ரூமுக்குள் சத்தமும் குறைவு. கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு கதவு விடாமல் சீலிங்கை மூடிவிடாதீர்கள்.

பிளம்பரிடம் மிச்சம் இருக்கிறது என்று 75 மி.மீ. குழாய்க்குக் குறைக்க விடாதீர்கள். விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அதே காற்றுக்கு உராய்வு ஏழெட்டு மடங்கு ஏறும். 90 பெண்டு ஒன்றுக்குப் பதில் 45 இரண்டு. அலுமினியச் சுருள் குழாய் வாங்கினால் முழுக்க இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள். தொங்கி நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும், சுருக்கத்தில் பஞ்சு பிடிக்கும். குழாய் முழுவதும் வெளிப்பக்கம் அடிக்குக் கால் அங்குலம் சாய்வு. ஏற்காடு, வால்பாறை போலக் குளிர் உள்ள இடத்தில் குழாய்க்குள்ளேயே ஆவி தண்ணீராகும், அங்கே குழாய்க்கு மேல் ஃபோம் உறை சுற்ற வேண்டும். சமவெளியில் அது தேவைப்படாது.

கோவை அபார்ட்மெண்டுகளில் வெளிச்சுவருக்குப் பதில் ஓடிஎஸ் என்கிற, கட்டடத்துக்கு நடுவே கிணறு போல விட்ட திறந்த வெளிதான் கிடைக்கும். அது மேலே வானம் பார்க்கத் திறந்திருந்தால் பயன்படுத்தலாம். மழைக்காக மேலே ஷீட் போட்டு மூடியிருந்தால் எல்லா வீட்டுக் காற்றும் அதற்குள்ளேயே சுற்றும், கீழ்வீட்டு வாடை மேல்வீட்டுக்கு வரும். அசோசியேஷனில் பேசி ஷீட்டை இரண்டடி தூக்கி, பக்கங்களைத் திறந்துவிடச் சொல்வது ஃபேன் மாற்றுவதைவிடப் பலன் தரும். எப்படியும் இங்கே ஷட்டர் இல்லாத ஃபேன் வேண்டாம்.

மொட்டை மாடி வழியாக

திருப்பூர் லைன் வீடுகள் போல இரு பக்கமும் பொதுச்சுவர் இருந்தால் மேலே போவதுதான் மிச்சம். மேல்காற்று எந்தச் சுவரிலும் முட்டித் தொந்தரவு செய்யாது என்பது இதன் பெரிய லாபம். ஆனால் மாடித் தளத்தைத் துளைப்பது என்பது ஒழுகலுக்கு வழிவிடுவதுதான் என்று எண்ணிச் செய்ய வேண்டிய வேலை. புது வீடென்றால் கான்கிரீட் போடும் முன்பே உறைக்குழாயை வைத்துவிடலாம். கட்டிய வீட்டில் பீமை விட்டுத் தள்ளி, கம்பி எங்கே என்று பார்த்துக் கோர் எடுக்க வேண்டும். இடைவெளியை நான்-ஷ்ரிங்க் கிரவுட் (காய்ந்தாலும் சுருங்காத கலவை) வைத்து அடைத்து, குழாயைச் சுற்றிக் கலவையில் சிறு திண்டு கட்டி, அதன்மேல் ஓர் அடி உயரம் வரை வாட்டர் புரூஃபிங் ஏற்ற வேண்டும். தட்டோடு பதித்த மாடியில் ஓட்டுக்கு மேலே பூசிவிட்டு நிறுத்திவிடுவார்கள், தண்ணீர் ஓட்டுக்கு அடியில் வந்து இறங்கும். குழாய்க்குப் பக்கத்து ஓட்டை எடுத்துவிட்டு, பூச்சைக் கான்கிரீட்டிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

குழாயின் உச்சியில் செப்டிக் டேங்க் குழாய்க்கு வைக்கும் சிறு கவுல் (இடுக்கு விட்ட மூடி) வேண்டாம், அதன் இடுக்குகள் ஃபேனுக்குப் போதாது. இரண்டு பெண்டு வைத்துக் குழாயைக் கைத்தடிப் பிடிபோல் வளைத்து வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, 6 மி.மீ. வலை கட்டினால் போதும். பெண்டு கூடுவதால் இதற்கும் இன்லைன் ஃபேன்தான் சரி. மில் கூரைகளில் சுற்றும் காற்றுச் சுழலியை வைத்தால் கரண்ட்டே வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆடியில் பறக்கும், பங்குனி ராத்திரியில் அசையாது. ஓட்டு வீட்டிலும் சிமெண்ட் ஷீட் வீட்டிலும் கூரையைத் தொடாமல், முக்கோணச் சுவர் வழியாகக் குழாயை எடுப்பதே நல்லது.

எந்த விலைக்கும் வேண்டாதவை

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ அட்டாலிக்குள்ளேயோ காற்றை விட்டு மூடிவிடுவது. ஈரம் எங்கும் போகவில்லை, கண்ணில் படாத இடத்துக்குப் போயிருக்கிறது. சீலிங்கின் இரும்புப் பட்டையும் தளத்தின் பூச்சும் முதலில் போகும்.

குழாய் பக்கத்தில் போகிறதே என்று டாய்லெட் வென்ட் குழாயிலோ மழைநீர்க் குழாயிலோ சேர்ப்பது. வென்ட் குழாயில் சேர்த்திருந்தால், ஃபேன் நின்றதும் செப்டிக் டேங்கின் வாயு நேராகப் பாத்ரூமுக்குள் இறங்கும்.

கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் வைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்று தைரியமாக இருப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. காற்று போதாமல் எரியும் கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது. காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் ஃபேன் இழுத்தால் எரிதல் இன்னும் கெடலாம். கீசர் வெளியே இருக்க வேண்டும், இதில் மாற்று ஏற்பாடு கிடையாது.

உள்ளே வரும் காற்றும் சுவிட்சும்

வெளியே போகும் அளவுக்கு உள்ளே வராவிட்டால் எந்த வழியும் பலிக்காது. 75 செ.மீ. கதவுக்கு அடியில் 2 செ.மீ. இடைவெளி விட்டால் 150 சதுர செ.மீ. கிடைக்கும், 110 குழாயின் வாயைவிட அது அதிகம். தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கல் வைத்து அதன்மேல் பிவிசி கதவை ஒட்டி மூடும் வீடுகளில் இது இருக்காது. கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு ஜாலி வெட்டிக்கொள்ளுங்கள். ஃபேன் ஓடும்போது மட்டும் சாக்கடை வாடை வந்தால், புழங்காத பாத்ரூமில் நானி டிராப் (வாடையைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் தரை வடிகால்) காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் இந்த ஃபேன்கள் எதுவும் அதை மீறி இழுக்க முடியாது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் பாருங்கள்.

சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, லைன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக. ஷவருக்கு நேர் மேலே வேண்டாம், தரையிலிருந்து ஏழரை அடிக்கு மேல், கதவுக்கு எதிர்ப்பக்கம் என்பது நல்ல இடம். குளித்து முடித்த பிறகும் 20 நிமிடமாவது ஓட வேண்டும். லைட்டோடு ஒரே சுவிட்சில் சேர்த்தால் அது நடக்காது, டைமர் வைத்த ஃபேன் வாங்குங்கள். 30 வாட் ஃபேன் தினம் இரண்டு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு இரண்டு யூனிட்டைத் தொடாது.

மாட்டி முடித்ததும் எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்துங்கள். கதவை மூடி, அடி இடைவெளிக்கு அருகே பிடித்தால் புகை உள்பக்கம் சாய வேண்டும். பிறகு ஷவர் மூலையில் பிடித்தால் அங்கிருந்து ஃபேனை நோக்கி மெதுவாக நகர வேண்டும். கதவருகே சாய்ந்து, மூலையில் அசையாமல் மேலே போனால் ஃபேன் இடம் தப்பு. இரண்டு இடத்திலும் அசையவில்லை என்றால் வெளியே போய் ஷட்டர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். புது ஃபேனில் இதழ்களை ஒட்டியிருக்கும் பேக்கிங் டேப்பைப் பிரிக்காமலே மாட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது.